நான்கு வாக்குகள்: எந்த மரபில் தொடங்கிப் படிப்பது?

‘வாதாபி கணபதிம்’ கேட்காத கர்நாடக இசை ரசிகர் இருக்க மாட்டார். அதன் சரணத்தில் முத்துசுவாமி தீட்சிதர், பிள்ளையாரை ‘பராதி சத்வாரி வாகாத்மகம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். பரா முதலான நான்கு வாக்குகளின் வடிவமாக இருப்பவர் என்று அர்த்தம். அது என்ன நான்கு வாக்கு என்று யாராவது தேடினால், மூலாதாரத்தில் பரா, நாபியில் பச்யந்தி, இதயத்தில் மத்யமா, தொண்டையில் வைகரி என்று ஒரு படம் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் அந்தப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் படம் சொல்வது ஒரு மரபின் விடையை மட்டும்தான். இதே பெயர்களை வைத்துக்கொண்டு நம் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதம் செய்திருக்கின்றன. படிகள் மூன்றா நான்கா, உச்சியில் இருப்பது உணர்வுள்ள பொருளா உணர்வற்ற கருவியா, அதை அடைந்தால் வீடுபேறா அல்லது அதையும் தாண்டிப் போக வேண்டுமா என்று எல்லாவற்றிலும் கருத்து வேறுபாடு. ஆகவே பேச்சும் எண்ணமும் எங்கிருந்து எழுகின்றன என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர், எந்த மரபின் வழியாக உள்ளே போவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். பர்த்ருஹரியின் இலக்கண மரபு, காஷ்மீர சைவம், தமிழ்ச் சைவ சித்தாந்தம், அம்பிகை வழிபாட்டு மரபான ஸ்ரீவித்யை என்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. தமிழில் படிப்பவர்களுக்கு என் பரிந்துரை சித்தாந்தம். ஆனால் சிலருக்கு அது சரிப்படாது. யாருக்கு எது, ஏன் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

எல்லோருக்கும் பொதுவானதை முதலில் பார்த்துவிடலாம். பல வருடம் கழித்து ஒருவரைத் தெருவில் பார்க்கிறோம். முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. ‘தொண்டை வரைக்கும் வந்துவிட்டது’ என்கிறோம். பக்கத்தில் நிற்பவர் ‘சுந்தரமா, சுகுமாரா?’ என்று எடுத்துக் கொடுக்கிறார். இரண்டும் இல்லை என்று ஒரு நொடி தயங்காமல் சொல்ல முடிகிறது. நினைவுக்கே வராத ஒரு பெயரை அளவுகோலாக வைத்து, வந்த பெயர்களைத் தள்ளுகிறோம்! அந்தப் பெயர் எழுத்து எழுத்தாகப் பிரியாமல், ஆனால் வேறு எந்தப் பெயரோடும் குழம்பாமல், உள்ளே எங்கோ இருக்கிறது. திடீரென்று அது பிடிபடும்போது முன் எழுத்து பின் எழுத்து என்று வரிசையாக மனதுக்குள் ஒலிக்கிறது. அப்புறம் வாய் திறந்து கூப்பிடுகிறோம்.

வாயில் வந்தது வைகரி. மனதுக்குள் வரிசையாக ஒலித்தது மத்யமா. பிரியாமல் இருந்தது பச்யந்தி. மயில் முட்டைக்குள் இருக்கும் நீரில் தோகையின் நிறங்கள் அத்தனையும் பிரியாமல் அடங்கியிருப்பதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். இலக்கணக்காரர்களும் காஷ்மீரத்தாரும் சித்தாந்திகளும் இந்த ஒரே உவமையைப் பயன்படுத்துகிறார்கள். பெயரைத் தேடும் அனுபவம் பச்யந்தியின் ஒரு ஓரத்தைத் தொடுகிறது, அவ்வளவுதான். அந்த மரபுகள் சொல்லும் பச்யந்தி இன்னும் ஆழமானது. ஆனாலும் நம் அனுபவத்திலேயே ஒரு பிடி இருப்பது நல்லது. இல்லாவிட்டால் இது வெறும் பெயர்ப் பட்டியலாகப் போய்விடும்.

இதற்கெல்லாம் மூலமாக எல்லோரும் காட்டுவது ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் 164ஆம் சூக்தம், 45ஆவது மந்திரம். வாக்கு நான்கு பங்காக அளக்கப்பட்டது, மூன்று குகைக்குள் மறைந்து அசையாமல் கிடக்கின்றன, மனிதர்கள் பேசுவது நான்காவதை என்கிறது அந்த மந்திரம். பரா, பச்யந்தி என்ற பெயர்கள் அதில் இல்லை. பதஞ்சலி, பாணினி இலக்கணத்துக்கு எழுதிய மகாபாஷ்யத்தில் இதே மந்திரத்தை எடுத்து, நான்கு என்பது பெயர், வினை, உபசர்க்கம் (முன்னொட்டு), நிபாதம் (இடைச்சொல்) என்ற நான்கு சொல்வகை என்று உரை சொன்னார். வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் யாஸ்கரின் நிருக்தத்தில் இன்னும் பல விளக்கங்கள் உண்டு. ஆகவே ‘நான்கு நிலைகள் வேதத்திலேயே இருக்கின்றன’ என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வேதத்தில் இருப்பது ஒரு புதிர். அதற்கு விடை எழுதியவர்கள் பிறகு வந்தவர்கள்.

அப்படி விடை எழுதியவர்களில் முதன்மையானவர் பர்த்ருஹரி, 5ஆம் நூற்றாண்டு. அவருடைய வாக்யபதீயம் மூன்று காண்டம். முதல் காரிகையிலேயே, அதாவது முதல் செய்யுளிலேயே, தொடக்கமும் முடிவும் இல்லாத பிரம்மம் சொல்லின் தத்துவமே, அதுதான் பொருள்களாக விரிகிறது, உலகம் நடப்பது அதனால்தான் என்கிறார். சொல் கலக்காத அறிவு உலகத்தில் எதுவுமே கிடையாது என்பது அவருடைய அடுத்த பெரிய கூற்று. நாம் முதலில் யோசித்துவிட்டு, பிறகு அதற்குச் சொல் தேடிப் பொருத்துகிறோம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அவர் அதை ஏற்க மாட்டார். யோசனை என்பதே உள்ளே நடக்கும் சொல். பேச்சு வராத குழந்தைகூட முலை தேடுவது, கை நீட்டுவது என்று செயல்படுகிறதே என்றால், அதற்குள்ளும் முன்பிறவி வாசனையாகச் சொல் இருக்கிறது என்கிறார். இரண்டாம் காண்டத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்: வசந்தத்தில் குயிலின் குரலை மாற்றுவது யார், கூடு கட்ட உயிர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பிரதிபை என்று அவர் சொல்லும் அந்த உள்ளொளிதான் ஒரு வாக்கியத்தின் பொருளையும் நமக்கு ஒரே வீச்சில் காட்டுகிறது. எழுத்தைக் கூட்டிச் சொல், சொல்லைக் கூட்டி வாக்கியம் என்று நாம் நினைப்பது கற்றுக்கொடுக்கும் வசதிக்காகச் செய்த கூறுபாடு. உண்மையில் இருப்பது பிரியாத முழு வாக்கியம்.

பர்த்ருஹரியிடம் படிகள் மூன்றுதான்: வைகரி, மத்யமா, பச்யந்தி. இந்த மூன்று வாக்குக்கும் பரம்பதம், அதாவது உச்ச இடம், இலக்கணம் என்கிறார். வீடுபேற்றுக்கு வாசல், பேச்சின் அழுக்குக்கு மருந்து என்றும் இலக்கணத்தைப் போற்றுகிறார். நான்காவது படி இலக்கண மரபுக்குள் நிலைபெறப் பல நூற்றாண்டு ஆனது. நாகேச பட்டர் 18ஆம் நூற்றாண்டையொட்டி எழுதிய நூலில் பராவும் சேர்ந்து, மூலாதாரம், நாபி, இதயம், கண்டம் என்ற இடங்களும் வந்துவிடுகின்றன. நாம் பார்க்கும் அந்தப் படம் இலக்கணக்காரர்கள் கையிலும் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இந்த வாசல் யாருக்கு? மொழியில்லாமல் சிந்திக்க முடியுமா என்ற கேள்வி தூங்கவிடாமல் செய்கிறது என்றால், வேறு எங்கும் போக வேண்டாம், இங்கேதான் வர வேண்டும். மொழியியல், மொழிபெயர்ப்பு, கற்பித்தல் என்று சொல்லோடு வேலை செய்பவர்களுக்கும் இதுதான் சரி. கஷ்டம் என்னவென்றால், காரிகைகள் மிகச் சுருக்கமானவை. விருத்தி என்ற பழைய உரை இல்லாமல் அசையாது. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழரான கே.ஏ. சுப்பிரமணிய ஐயர் முதல் காண்டத்தை அந்த உரையோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். புனே டெக்கான் கல்லூரி அதை 1965இல் வெளியிட்டது. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இன்றும் அதுதான் நம்பகமான துணை. பயிற்சி, சாதனை என்று தேடுபவர்களுக்கு இங்கே கிடைப்பது குறைவு. சொல்லின் வழியாகச் செய்யும் யோகம் ஒன்று பேசப்படுகிறது. ஆனால் தினமும் காலையில் என்ன செய்வது என்று கேட்டால் நூலில் வெளிப்படையான பதில் கிடைக்காது.

காஷ்மீரத்தார் பர்த்ருஹரியோடு சண்டை போட்டுத்தான் தொடங்குகிறார்கள். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோமானந்தர் சிவதிருஷ்டியின் இரண்டாம் அதிகாரம் முழுவதையும் இலக்கணக்காரர்களை மறுப்பதற்கே ஒதுக்கினார். வாதம் நேரடியானது. பச்யந்தி பார்க்கிறவள் என்றால், பார்க்கப்படும் ஏதோ ஒன்று அவளுக்கு எதிரே இருக்க வேண்டும். அப்படி இரண்டாகப் பிரிந்த நிலை எப்படி உச்சமாகும்? ஆனால் அவருடைய சீடர் உத்பலதேவர் பர்த்ருஹரியின் கருத்துகளை எடுத்துத் தன் தத்துவத்துக்கு அடித்தளமாக்கிக்கொண்டார். பர்த்ருஹரி உச்சியில் வைத்த பச்யந்திக்கும் மேலே பராவாக்கு என்று ஒன்றை வைத்து, தன்னைத் தானே உணரும் உணர்வுதான் அது என்றார். ‘நான் இருக்கிறேன்’ என்று உள்ளே எப்போதும் ஒரு உணர்வு ஓடிக்கொண்டிருக்கிறதே, அது வெறும் வெளிச்சம் கிடையாது, தன்னைச் சொல்லிக்கொள்ளும் வெளிச்சம். அந்தச் சொல்லுதல்தான் பரா என்பது அவர் நிலை. ஆசிரியர் எதிர்த்ததை மாணவர் உள்வாங்கி வளர்த்த அந்த ஒரு தலைமுறை மாற்றத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

உத்பலரின் சிந்தனையை விரித்து எழுதியவர் அபிநவகுப்தர். தன் பெருநூலான தந்திராலோகத்தின் மூன்றாம் ஆஹ்னிகத்தில் (அத்தியாயத்தில்) அவர் செய்திருக்கும் ஒரு வேலையை, இசை கேட்கிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பச்யந்தி, மத்யமா, வைகரி ஒவ்வொன்றையும் தூலம் (பருமையானது), சூக்குமம் (நுண்மையானது), பரம் (உச்சமானது) என்று மூன்றாகப் பிரிக்கிறார். தூலமான பச்யந்தி எது? எழுத்தாகப் பிரியாமல், சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து வரும் நாதம். தூலமான மத்யமா? தோல் கட்டிய மிருதங்கம் போன்ற வாத்தியத்தைக் கையால் தட்டும்போது வரும் ஒலி. அதில் கொஞ்சம் பிரிவு உண்டு, கொஞ்சம் பிரியாமையும் உண்டு. தூலமான வைகரி? தெளிவாகப் பிரிந்த எழுத்துகள். பிரியாமல் ஒன்றாக இருப்பதுதான் இனிமை, தெளிவாகப் பிரிவதில் ஒரு கரகரப்பு உண்டு என்று காரணமும் சொல்கிறார்.

இதை ஒரு கச்சேரியில் வைத்துப் பார்க்கலாம். ராக ஆலாபனையில் சொல் கிடையாது. பாடகர் ‘தா, ரீ’ என்று ஏதோ இழுக்கிறார். அந்த எழுத்துகளுக்கு அர்த்தமில்லை, அவை கரைந்துவிடுகின்றன. கேட்பவர் அதில் ஒன்றிப்போகிறார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ‘தகதிமி’ என்று எழுத்துக்கு நெருங்கி வருகிறது. சபையில் தாளம் போடாத கை இருக்காது. கிருதியின் சாகித்தியம் வரும்போது சொல் தெளிவாகக் கேட்கிறது. அறிவு விழித்துக்கொண்டு அர்த்தம் தேடுகிறது. உச்ச நிலைகளை மூச்சடக்கித் தேட வேண்டியதில்லை, காதில் விழும் ஒலியிலேயே அவற்றின் சாயல் இருக்கிறது என்று அபிநவகுப்தர் காட்டிவிடுகிறார். இந்த விஷயத்தில் வேறு எந்த மரபும் அவருக்குப் பக்கத்தில் வர முடியாது என்பது என் எண்ணம்.

இந்த வாசலில் நுழைய விரும்புபவர் நேராகத் தந்திராலோகத்தில் குதிக்கக் கூடாது. அபிநவகுப்தரின் மாணவர் க்ஷேமராஜர் எழுதிய பிரத்யபிஜ்ஞா ஹிருதயம் 20 சூத்திரம்தான். உரையும் அவரே எழுதியிருக்கிறார். தர்க்கத்தில் பழக்கம் இல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்ட நூல். மதுரையிலிருந்து மதுராஜ யோகி என்ற ஒருவர் காஷ்மீரம் போய் அபிநவகுப்தரிடம் சேர்ந்தார், அவரை நேரில் கண்டதை வடமொழிப் பாட்டாக எழுதி வைத்தார் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அவ்வளவு தூரம் நடந்து போக ஒருவரை இழுத்த தத்துவம் இது.

இனி சித்தாந்தம். இங்கே பெயர்கள் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. மற்றவர்கள் பரா என்பதைச் சூக்குமை என்பார்கள். இவற்றை அருணந்தி சிவாசாரியர் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்லும் பகுதியான சுபக்கத்தின் முதல் சூத்திரத்தில் விளக்குகிறார். வைகரி செவிக்குக் கேட்பது. அதிலும் பிறர் காதுக்கு எட்டுவது ஒன்று, தன் காதுக்கு மட்டும் எட்டுவது ஒன்று என்று உரைகள் பிரிக்கும். மத்திமை செவிக்குக் கேளாமல் உள்ளே எழுத்து வரிசையாக ஓடுவது. பைசந்தி வரிசை ஒடுங்கியது. சூக்குமை அழிவில்லாத உள்ளொளி. அதைக் கண்டவருக்குக் கிடைக்கும் நிலையை மிக உயர்வாகச் சொல்கிறார். இதுவரை மற்றவர்கள் சொன்னது போலத்தான் இருக்கும்.

வித்தியாசம் அடுத்த அடியில் வருகிறது. இந்த நான்கும் சுத்தமாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றுகின்றன. சுத்தமாயை தூய்மையானதுதான், ஆனால் சடம், அதாவது உணர்வற்றது. ஆகவே சூக்குமை வாக்கு உட்பட நான்கும் உயிருக்குக் கொடுக்கப்பட்ட கருவிகள். உயிர் தானாக எதையும் பிரித்து அறிய முடியாது. ‘இது குடம், இது துணி’ என்று பெயர் வைத்து அறிவதற்கு வாக்கின் உதவி வேண்டும். உதவி செய்வதாலேயே அந்தக் கருவி அறிகிறவன் ஆகிவிடாது. பர்த்ருஹரி சொல்லையே பிரம்மம் என்றார், காஷ்மீரத்தார் சொல்லைச் சிவத்தின் உணர்வு என்றனர். சித்தாந்தி இரண்டையும் மறுத்து, சொல் வேறு, உயிர் வேறு, சிவன் வேறு என்கிறார். சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் உச்சியில் இருப்பது நாதம். இறைவன் அந்த நாதத்தையும் கடந்தவன். தினமும் சிவபுராணம் சொல்கிறவர்கள் ‘மாற்றம் மனம் கழிய நின்ற மறையோனே’ என்ற அடியைக் கடந்துதான் போகிறார்கள். பேச்சும் மனமும் கழன்று போன இடத்தில் நிற்பவன். அந்த ஒரு அடிக்குச் சித்தாந்தத்தின் வாக்குக் கொள்கை முழு உரையாக அமைகிறது.

எண்ணத்தைப் பற்றியும் இவர்கள் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் பிரணவத்தின் (ஓங்காரத்தின்) கூறுகளை அந்தக்கரணங்கள் என்ற உட்கருவிகளோடு பொருத்துகிறார் அருணந்தியின் ஆசிரியர் மெய்கண்டார். அகாரம் அகங்காரத்தை இயக்கும், உகாரம் புத்தியை, மகாரம் மனத்தை, விந்து சித்தத்தை. நாதம் உயிரையே அறிவு நோக்கித் தூண்டும். மனம் பற்றுகிறது, சித்தம் அதைச் சிந்திக்கிறது, அகங்காரம் ‘நான் இதை முடிப்பேன்’ என்று எழுகிறது, புத்தி ‘இது இன்னதுதான்’ என்று தீர்மானிக்கிறது. ஓர் எண்ணம் உருவாகும் ஒவ்வொரு படியிலும் பின்னால் ஓர் ஒலிக்கூறு நின்று வேலை செய்கிறது. கடலில் அலை எழுவது போல அறிவு எழுந்து எழுந்து அடங்குவது இதனால்தான் என்கிறார். பேச்சின் படிகளையும் எண்ணத்தின் படிகளையும் இவ்வளவு துல்லியமாகப் பின்னி வைத்திருப்பது வேறு எங்கும் எனக்குத் தென்படவில்லை.

தமிழ் வாசகருக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. சித்தியாரின் பரபக்கம் 14 மதங்களை எடுத்து மறுக்கிறது. அதில் ஒன்று சத்தப்பிரமவாதம். சொல்லே பிரம்மம் என்பவர்களின் வாதம் அவர்கள் தரப்பில் என்ன, அதற்கு விடை என்ன என்று தமிழ்ப் பாட்டிலேயே இரண்டு பக்கமும் கிடைக்கிறது. அருணந்திக்கு முன்பே, சிதம்பரத்தில் வாழ்ந்த அகோரசிவாசாரியர் 12ஆம் நூற்றாண்டில், காஷ்மீரத்து ராமகண்டர் எழுதிய நாதகாரிகைக்கு வடமொழியில் உரை செய்திருக்கிறார். வடக்கே நடந்த வாதம் சுடச்சுடத் தெற்கே வந்து சேர்ந்து, இங்கே தமிழில் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

இதைவிடப் பழைய தடயம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. பிறப்பியலில் ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று காற்று நாபியிலிருந்து எழுந்து தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களில் நின்று எழுத்தாவதைச் சொன்ன பிறகு, கடைசியில் ஒரு குறிப்பு வைக்கிறார். ‘அகத்தெழு வளியிசை’யை ஆராய்வது அந்தணர் மறையில் உள்ளது, நான் அதை இங்கே சொல்லவில்லை, வெளியே வந்து ஒலிக்கும் இசையின் அளவை மட்டும் சொல்கிறேன் என்கிறார். உள்ளே எழுவது ஒன்று உண்டு என்று தெரிந்தே, தன் நூலின் எல்லையை வெளியே ஒலிப்பதோடு நிறுத்திக்கொண்டார். பிற்காலத்து நான்கு வாக்குகளை அவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அந்த எல்லைக்கோட்டை இவ்வளவு சுத்தமாகப் போட்ட இலக்கணம் நம்மிடம் இருப்பதே பெருமைதான்.

சித்தாந்த வாசலில் சிரமம் இல்லாமல் இல்லை. பாட்டுகள் இறுக்கமானவை, சொற்கள் பழகப் பல மாதம் பிடிக்கும். சிவஞான முனிவர் உரையோ அறுவர் உரையோ பக்கத்தில் வேண்டும். நல்ல வேளையாக ஆதீனங்கள் நடத்தும் சித்தாந்த வகுப்புகள் பல ஊர்களில் இருக்கின்றன. பாடம் கேட்டுவிட்டுப் படித்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். சொல்லும் உணர்வும் ஒன்று என்று ஏற்கெனவே மனதில் உறுதி கொண்டவர்களுக்கு இந்த மரபின் ‘வாக்கு சடம்’ என்ற முடிவு ஒப்பாது. அவர்கள் காஷ்மீரத்துக்குப் போவதுதான் நியாயம்.

ஸ்ரீவித்யையைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அது படித்து முடிக்கும் பாதை கிடையாது. லலிதா சகஸ்ரநாமத்தில் 366ஆவது நாமம் ‘பரா’. அதையொட்டி பச்யந்தீ, மத்யமா, வைகரீரூபா என்று நான்கு படிகளும் அம்பிகையின் பெயர்களாகவே வருகின்றன. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து காவிரிக் கரையில் பாஸ்கரராஜபுரத்தில் குடியமர்ந்த பாஸ்கரராயர் இந்த நாமங்களுக்கு எழுதிய உரை புகழ் பெற்றது. சக்கரங்கள், குண்டலினி, எழுத்துகளின் தேவதைகள் எல்லாம் இங்கே ஒரே உடம்பாகச் சேர்கின்றன. தீட்சிதர் ஸ்ரீவித்யா உபாசகர். அந்தச் சரணத்தில் ‘மூலாதார க்ஷேத்ர ஸ்திதம்’ என்ற சொல்லுக்கு அடுத்தே நான்கு வாக்கு வருவது இந்த மரபின் கைரேகை. ஏற்கெனவே தீட்சை பெற்றவருக்கு நான்கு வாக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நெருக்கமான வழி இல்லை. தீட்சை இல்லாதவர் சகஸ்ரநாமம் பாராயணம் செய்யலாம், உரையும் படிக்கலாம். மூலாதாரத்தில் பராவை எழுப்புகிறேன் என்று படத்தைப் பார்த்துத் தனியாக இறங்குவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நியாயம், மீமாம்சை, சங்கரரின் அத்வைதம் இவற்றை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். நையாயிகர்களுக்கு ஒலி தோன்றி அழிவது. மீமாம்சகர்களுக்கு எழுத்து நித்தியம். சங்கரர் பிரம்மசூத்திர உரையில், எழுத்துகளுக்கு அப்பால், பொருளைக் காட்டும் பிரியாத சொல்லாக ஸ்போடம் என்று தனியாக ஒன்று தேவையில்லை என்கிறார். இவர்கள் வாதங்கள் முக்கியமானவை, ஆனால் வாக்கைப் படிப்படியாகப் பிரிப்பது இவர்கள் வேலையாக இல்லை.

ஜபம் செய்கிறவர்களுக்கு இந்தத் தேர்வு நேரடியாகப் பயன்படும். வாய்விட்டுச் சொல்வதா, உதட்டுக்குள் முணுமுணுப்பதா, மனதுக்குள் மட்டும் சொல்வதா? மனு வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு, முணுமுணுப்பு நூறு மடங்கு, மனதுக்குள் சொல்லும் மானதம் ஆயிரம் மடங்கு உயர்ந்தது என்கிறார். ரமணரும் உபதேச உந்தியாரில் இதே வரிசையில்தான் ஏற்றிப் போகிறார். இதைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் சொன்னாலே பராவுக்குப் போய்விட்டோம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். சித்தாந்தத்தின் கணக்கு இங்கே நன்றாக உதவும். முணுமுணுப்பு தன் காதுக்குக் கேட்கும் வரை அது வைகரிதான். மனதுக்குள் ‘சி’க்குப் பிறகு ‘வா’ என்று எழுத்து முன்பின்னாக ஓடும் வரை அது மத்திமைதான். அதனால் மானத ஜபத்தின் மதிப்பு குறைந்துவிடாது. நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிவது பயிற்சிக்கு நல்லது. தொடக்கத்தில் மனம் ஓடுகிறவர்கள் வாய்விட்டே சொல்லட்டும், காது பிடித்துக்கொள்ளும்.

முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளச் சொல்வேன். உங்கள் எண்ணங்கள் எல்லாம் அடங்கி, உள்ளே ஒரு சொல்கூட இல்லாமல் போனால், நீங்கள் மிச்சம் இருப்பீர்களா? ‘சொல் இல்லாமல் அறிவே இல்லையே’ என்று தோன்றினால் பர்த்ருஹரி. ‘இருப்பேன், ஆனால் அந்த இருப்பே ஒரு பேசாத பேச்சு’ என்று தோன்றினால் உத்பலரும் அபிநவகுப்தரும். ‘இருப்பேன், சொல் எனக்குக் கொடுக்கப்பட்ட விளக்கு மட்டும்தான்’ என்றால் அருணந்தி. ‘அந்த இடத்தில் அம்மா இருப்பாள்’ என்பவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும். எதுவும் தோன்றவில்லை என்றால் சித்தியாரிலேயே தொடங்கலாம். தமிழில் மூலம், தமிழில் உரை, எதிர்த்தரப்பு வாதமும் அதே நூலில் என்ற மூன்றும் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடைக்காது.

அப்படித் தொடங்குபவர் சுபக்கத்தின் முதல் சூத்திரத்தில் வாக்குகளைச் சொல்லும் பாட்டுகளை முதலில் படிக்கட்டும். அவை சில பாட்டுகள்தான். அடுத்து சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம். பிறகு பரபக்கத்தில் சத்தப்பிரமவாதியின் பகுதிக்குப் போகலாம். அதை முடித்த கையோடு வாக்யபதீயத்தின் பிரம்ம காண்டத்தை எடுத்து, அருணந்தி மறுப்பது பர்த்ருஹரி சொன்னதைத்தானா, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சொன்னதையா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் மறுப்பு நேராகப் போய் விழுகிறதா, சில இடங்களில் பர்த்ருஹரி நழுவிவிடுகிறாரா என்பதை அங்கே நீங்களே முடிவு செய்யலாம்.